மிஸ்டர் ஃபென்ட்ரிஸின் முகம்

ஐசாயா ஃபென்ட்ரிஸின் முகம் 1889ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில், அவரை விட்டுப் போனது. அன்று சிகாகோவில் புகை போட்ட பன்றித்தொடை, அதாவது ஹாம், ராத்தல் பன்னிரண்டு சென்ட்டுக்கு விற்றது. மழை இல்லை, ஏரிப் பக்கமிருந்து காற்று மட்டும் கொஞ்சம் அதிகம். மிச்சிகன் அவென்யூவில் இருந்த பெரிய ஹோட்டல் ஒன்றின் சாப்பாட்டுக் கூடத்தில், ஒரு வங்கிக்காரரின் மேஜைக்குப் பக்கத்தில் நின்று அவர் ஹாமைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். தலையிலிருந்து தொப்பியைக் காற்று கொண்டு போவதுபோல ஏதோ லேசாகக் கழன்று போனதை உணர்ந்தார். கத்தியை நிறுத்தவில்லை. சமையலறைக்குத் திரும்பியபோது கூட வேலை பார்ப்பவர்கள் கையிலிருந்த தட்டுகளைக் கீழே வைத்துவிட்டார்கள். தலைமுடி இருந்தது, காது இரண்டும் இருந்தன, கழுத்தும் வெள்ளைக் காலரும் ஒழுங்காக இருந்தன. நடுவில் அவருடைய நிறத்தில் தோல் மட்டும் இருந்தது, உரித்த முட்டை மாதிரி வழுவழுவென்று.

தலைமைப் பரிமாறுபவர் அவரைச் சுற்றிவந்து பார்த்தார். "கண்ணு தெரியுதா?" என்று கேட்டார். தெரிகிறது என்றார் ஐசாயா. எங்கிருந்து வந்தது என்று சொல்லமுடியாது, ஆனால் அவருடைய குரல்தான். "அப்போ ஏழாவது மேஜைக்கு சூப் ஆறிக்கிட்டிருக்கு, எடுத்துட்டுப் போ" என்றார் அவர். ஐசாயா எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கும் மேலாக அதே கூடத்தில் அவர் பரிமாறினார். சாப்பிட வந்த வெள்ளைக்காரர்களில் ஒருவர்கூட அவருக்கு முகம் இல்லாததைக் கவனிக்கவில்லை. இந்த ஐசாயாவுக்கு எப்போதும் சிரித்த முகம் என்று தங்களுக்குள் மெச்சிக்கொண்டார்கள்.

காரணம் தெரியாமல் இல்லை. அதே செவ்வாய்க்கிழமை, அதே நேரத்தில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஓர் அச்சகத்தில் வெதர்பி–கிளாஃப் இறைச்சிக் கம்பெனியின் புது விளம்பர அட்டை இயந்திரத்திலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தது. உள்ளங்கை அளவு வண்ண அட்டை. ஹாம் வாங்கினால் மளிகைக் கடைக்காரர் ஒன்று இனாமாகக் கொடுப்பார். வீட்டுப் பெண்கள் அதை ஞாயிற்றுக்கிழமைகளில் ஆல்பத்தில் ஒட்டிவைப்பார்கள். அந்தக் காலத்தில் அது பெரிய மோகம். அந்த வருஷக் கோடையில்தான் ரைசிக் என்ற ஜெர்மன்காரர், அச்சகத்தின் ஓவியர், ஹோட்டலுக்கு வந்து ஐசாயாவைக் கையில் ஹாம் தட்டோடு நிற்கச் சொல்லி ஒரு பகல் முழுக்க வரைந்தார். கூலியாக ஒரு முழு ஹாம். படத்தைப் பார்த்த ஐசாயாவின் மனைவி ஹெஸ்டர், இது மூச்சுவிடுகிறது என்று சொல்லி இரண்டடி தள்ளி நின்றாளாம்.

கம்பெனி ஆபீஸில்தான் படம் பிடிக்கவில்லை. "இவன் யோசிக்கிறான். யோசிக்கிறவனப் பாத்தா யாருக்குப் பசிக்கும்? சிரிக்க வை" என்று திருப்பி அனுப்பினார்கள். ரைசிக் தான் வரைந்ததைத் தொடமாட்டேன் என்று தூரிகையைக் கழுவி வைத்துவிட்டார். அந்தக் காலத்தில் படத்தைத் தட்டையான கல்லில் வரைந்து, மை தடவி அச்சடிப்பார்கள்; வண்ண அட்டைக்கு ஒரே கல் போதாது. முதல் கல்லில் மெல்லிய பழுப்புக் கோடு, அதன்மேல் அடுத்தடுத்த கற்களில் ஒவ்வொரு நிறமாக ஏற்றிக்கொண்டே போவார்கள். ரைசிக்கின் முதல் கல்லை அப்படியே விட்டுவிட்டு, மற்றக் கற்களில் மற்ற ஆட்கள் வேலையைக் காட்டினார்கள். சிவப்புக் கல்காரன் காதுவரை உதடு போட்டான். வெள்ளைக் கல்காரன் கண்ணைப் பிதுக்கிப் பல்லை அடுக்கினான். கறுப்புக் கல்காரன் மிச்சம் இருந்ததையெல்லாம் தார் பூசுவதுபோலப் பூசினான். படத்துக்குக் கீழே 'அங்கிள் கேட்டோ' என்று பெயர் வைத்தார்கள். அங்கே அங்கிள் என்பது உறவுமுறை இல்லை; கறுப்பு மனிதரை மிஸ்டர் என்று அழைக்க வாய் வராத வெள்ளைக்காரர்கள் கண்டுபிடித்து வைத்திருந்த சௌகரியம். அட்டையின் பின்பக்கம் ஹாமைப் புகழ்ந்து நீளமாக ஒரு பாட்டு. கறுப்பர்களான எங்கள் ஆட்கள் பேசுவதுபோல என்று நினைத்துக் கம்பெனிக்காரன் எழுதிய கொச்சை அது. அப்படி எங்களில் யாரும் எந்தக் காலத்திலும் பேசியதில்லை.

டியர்பார்ன் தெருவில் அப்போது நாங்கள் மிகச் சிலர்தான், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். முகம் போன அந்த வாரம் தெருவே கூடி வருத்தப்பட்டது. அடுத்த வாரம் பழகிவிட்டது. நடையை வைத்தும், வலது தோளைக் கொஞ்சம் இறக்கி நிற்பதை வைத்தும் அவரை அடையாளம் கண்டுகொண்டோம். சவரக்கடைக்காரர் சனிக்கிழமைதோறும் அந்த வழுவழுப்பின்மேல் நுரை போட்டு, கத்தியைத் தீட்டி, மரியாதையாக வழித்துவிட்டார். காசு வாங்க அவருக்கு மனசு வரவில்லை, கொடுக்காமல் எழுந்துபோக ஐசாயாவுக்கு மனசு வரவில்லை. கடைசியில் பாதி என்று முடிவானது. சர்ச்சில் அவர் அடித்தொண்டையில் பாடினால் பெஞ்சுப் பலகை அதிரும். சாப்பிடும்போது கைக்குட்டையை உயர்த்திப் பிடித்துக்கொள்வார். எப்படிச் சாப்பிடுகிறார் என்று எட்டிப் பார்ப்பது நாகரிகம் இல்லை என்பதால் யாரும் பார்க்கவில்லை. காலையில் எழுந்தால் பழக்கம் மாறாமல் கிண்ணியில் தண்ணீர் ஊற்றி முகம் கழுவுவார், துண்டால் துடைப்பார். ஹாமை மட்டும் அவர் அதற்குப் பிறகு தொடவில்லை, அவர் வீட்டிலும் யாரும் சமைக்கவில்லை.

அவருடைய ஒரே மகள் லூவீனியாவுக்கு அப்போது ஐந்து வயது. அப்பாவின் முகம் அவளுக்கு ஞாபகம் இல்லை. இது அவளுக்குப் பெரிய குறை. அப்பா எப்படி இருந்தார் என்று அம்மாவைத் துளைத்தெடுப்பாள். ஹெஸ்டருக்குக் கோபம் வரும், பிறகு அழுகை வரும், கடைசியில் எப்போதும் ஒரே பதில்தான் வரும்: "யாராச்சும் பேசினா காதுகுடுத்துக் கேக்கிற மொகம்." அது எப்படிப்பட்ட மூக்கு, எப்படிப்பட்ட வாய் என்று அந்தப் பதிலிலிருந்து எடுக்க முடியவில்லை. அதனால் லூவீனியா கண்ணாடி முன்னால் நின்று தன் முகத்திலிருந்து அம்மாவைக் கழித்துப் பார்ப்பாள். கண் அம்மாவுடையது, நெற்றி அம்மாவுடையது. மோவாய் மட்டும் அம்மாவிடம் இல்லாதது, நடுவில் சின்னக் குழியோடு. அதைக் கையால் மூடியும் திறந்தும் பார்த்துக்கொண்டே நிற்பாள். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளுக்கு யார் சாடை என்று யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்கள். அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

ஏழு வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சர்ச் முடிந்து சாப்பிட்டுவிட்டு அப்பா நாற்காலியிலேயே தூங்கிப்போனபோது, அவள் அவருக்கு முகம் வரைந்தாள். அடுப்புக்கரியும், அம்மா ஊறப்போட்டிருந்த பீட்ரூட் சாறும், கொஞ்சம் மாவும் எடுத்துக்கொண்டாள். அப்பாவின் படம் என்று அவள் பார்த்திருந்தது ஒன்றே ஒன்றுதான்: முனைக்கடையின் கண்ணாடியில் ஒட்டியிருந்த அங்கிள் கேட்டோ. நாக்கைத் துருத்திக்கொண்டு, மிகுந்த பிரியத்தோடு, அதைப் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்திருந்தபடியே வரைந்தாள். காதுவரை உதடு, பிதுங்கிய கண், பல். ஹெஸ்டர் உள்ளே வந்து பார்த்துவிட்டு ஐயோ என்று அலறிவிட்டாள். சத்தம் கேட்டு எழுந்த ஐசாயா கண்ணாடியில் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு துண்டை நனைத்து நிதானமாகத் துடைத்துவிட்டு, மகளைக் கூப்பிட்டு மடியில் உட்காரவைத்தார்.

"கண்ணு, இது நான் இல்ல" என்றார். "அப்பாவ நீ பாத்திருக்க. சின்னவளா இருக்கப்போ பாத்திருக்க. ஒனக்கு மறந்துபோச்சு, அவ்வளவுதான். மறந்தது ஒன் தப்பில்ல."

 அந்தப் பிற்பகலின் பீட்ரூட் கறை லூவீனியாவின் மனசில் சாகிறவரை காயவில்லை. அப்பாவின் முகத்தை மீட்டுவந்து, அதை ஒரு தடவையாவது கண்ணால் பார்க்காமல் அவரை மண்ணுக்குள் அனுப்புவதில்லை என்று அன்றைக்கே தீர்மானித்துக்கொண்டாள்.

முகத்தை அட்டைதான் பிடித்து வைத்திருக்கிறது, அட்டை அழிந்தால் முகம் வெளியே வரும் என்பது அவள் கணக்கு. பார்க்கிற அட்டையையெல்லாம் வாங்கி, கெஞ்சி, சில சமயம் திருடியும் வந்து அடுப்பில் போட்டாள். ஒவ்வொன்று எரியும்போதும் வீட்டிலிருந்து ஹாம் வறுபடுகிற வாசனை கிளம்பித் தெருக்கோடிவரை போகும். ஃபென்ட்ரிஸ் வீட்டில் ஹாம் சமைப்பதில்லை என்று தெரிந்தவர்கள், ஓ, இன்னொரு அட்டை என்று சொல்லிக்கொண்டு தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். முகம் வரவில்லை. லட்சக்கணக்கில் அடித்திருக்கிறார்கள், எல்லாவற்றையும் எரிக்கவேண்டும்போல என்று அவள் இன்னும் மும்முரமானாள். இப்படியே வருஷங்கள் போயின. ஹெஸ்டர் நிமோனியாவில் போய்ச் சேர்ந்தாள். முகத்தை நன்றாகத் தெரிந்துவைத்திருந்த கடைசி ஆளும் போனாள். லூவீனியா வீட்டு மாடி அறைகளை ரயிலில் வேலை பார்ப்பவர்களுக்கு வாடகைக்கு விட்டாள். ஐசாயா ஹோட்டல் வேலையிலிருந்து ஓய்வுபெற்றார். வழியனுப்பு விழாவில் முதலாளி அவருடைய மாறாத புன்னகையைப் பற்றிப் பேசினார்.

வாடகைக்கு வந்தவர்களில் ஒருவர் டெல்ஃபஸ் குவார்ல்ஸ். தூங்கும் வசதி கொண்ட ரயில்பெட்டிகளில் போர்ட்டர். படுக்கை விரிப்பது, பூட்ஸ் துடைப்பது, பெட்டி தூக்குவது அவர் வேலை. ரயிலில் பயணிகள் எல்லாப் போர்ட்டர்களையும் ஜார்ஜ் என்றே அழைப்பார்கள். அதனால் வீடு திரும்பியதும் வாசற்படியில் நின்று தன் முழுப்பெயரையும் ஒருமுறை உரக்கச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருவார். ஐசாயாவை அவர் முதல் நாளே மிஸ்டர் ஃபென்ட்ரிஸ் என்று அழைத்து, முகம் இருக்கவேண்டிய இடத்தை நேராகப் பார்த்துப் பேசினார். லூவீனியாவுக்கு அப்போதே அவரைப் பிடித்துப்போனது. ஆனால் அவர் கல்யாணத்துக்குக் கேட்டபோது இப்போது இல்லை என்று சொல்லிவிட்டாள். கல்யாணப் படத்தில் தனக்குப் பக்கத்தில் அப்பா முகத்தோடு நிற்கவேண்டும் என்றாள். 

"அப்போ எனக்கு ரெண்டு வேலை" என்றார் டெல்ஃபஸ். "பொண்ணும் பாக்கணும், மாமனார் மூஞ்சியும் தேடணும். சரி, ரயிலு எல்லா ஊருக்கும்தான் போகுது."

அன்றிலிருந்து அவரும் அவருடைய கூட்டாளிகளும் போகிற ஊரிலெல்லாம் அட்டை தேடினார்கள். ஒமாஹாவிலிருந்து, பிட்ஸ்பர்க்கிலிருந்து, பெயர் தெரியாத சின்ன ஸ்டேஷன்களிலிருந்து அட்டை வந்தது. வீட்டுக்கார அம்மாக்கள் பழைய ஆல்பங்களை மூட்டையாக தூக்கிக் கொடுத்தார்கள். மற்ற ஆண்கள் பூ வாங்கிவருகிற காலத்தில் டெல்ஃபஸ் அங்கிள் கேட்டோவை வாங்கிவந்தார். அவள் நன்றி சொல்லி வாங்கி அடுப்பில் போட்டாள். கெட்டியான நட்பு அது. தெருப்பெண்கள் ஜாடைபேசி அலுத்துப்போனார்கள்.

1919 ஜூலையில் வெள்ளைக்காரர்கள் எங்கள் ஆட்களைத் தேடித் தேடி அடித்த கலவரம் வந்தபோது, ரொட்டி வாங்கப் போன ஐசாயாவை முப்பத்தைந்தாம் தெருப் பக்கம் தடியோடு ஒரு கும்பல் மறித்தது. அவர்கள் ஒரு முகத்தைத் தேடி வந்திருந்தார்கள். அட்டையில் பார்த்துப் பார்த்துப் பழகிய அதே முகம். தொப்பியைத் தட்டிவிட்டுக் கிட்டத்தில் பார்த்தபோது அங்கே ஒன்றும் இல்லை. எங்கே அடிப்பது என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். ஐசாயா தொப்பியை எடுத்துத் தூசு தட்டிப் போட்டுக்கொண்டு, ரொட்டியோடு வீட்டுக்கு வந்தார். அன்று லூவீனியா அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுததைப்போல அதற்கு முன்னும் பின்னும் அழுததில்லை.

அந்த வருஷங்களில் தெற்கிலிருந்து ரயில் ரயிலாக எங்கள் ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். 1922 வசந்தத்தில் டெல்ஃபஸ் மிசிசிப்பிப் பக்கம் போய்வந்தபோது பையில் ஒரே ஒரு அட்டை இருந்தது. சன்ஃப்ளவர் ஜில்லாவில் காலிசெய்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு பெண், தன் வீட்டுச் சுவரிலிருந்து பிய்த்துக் கொடுத்தது. அங்கே பலகை வீடுகளில் இடுக்கு வழியே காற்று வராமல் இருக்கச் சுவர் முழுக்க மைதாப் பசையால் காகிதம் ஒட்டுவார்கள். காற்றுக்கு மட்டுமல்ல, பேய்க்கும்தான். எழுத்தைக் கண்டால் பேய் ஒரு வார்த்தை விடாமல் படித்து முடித்த பிறகுதான் ஆளைத் தொடமுடியும், அதற்குள் விடிந்துவிடும். டெல்ஃபஸும் அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவர்தான். சமையலறையில் உட்கார்ந்து, காப்பியை ஆற்றிக்கொண்டே அதைச் சொன்னார்.

"இந்த அட்டைக்கு அங்க ரொம்பக் கிராக்கி, மிஸ் லூவீனியா. பின்னால இருக்கு பாருங்க பாட்டு, அதுக்காக. பேயி வந்து மொத வரியிலயே நின்னுபோகும். நம்ம பேச்சும் இல்ல, வெள்ளக்காரன் பேச்சும் இல்ல. அதப் படிச்சு முடிக்கணும்னா அந்தக் கம்பெனிக்காரனே செத்து வரணும்."

லூவீனியா சிரித்துவிட்டு, அப்படியானால் அந்த மூஞ்சி எந்தப் பக்கம் இருக்கும் என்று கேட்டாள்.

"செவுத்துப் பக்கம்தான். எழுத்து வெளிய தெரியணும்ல. அதோட, அந்தப் பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறவன எவ தன் வீட்டுல, தன் புள்ளைங்க முன்னால ஒட்டுவா? செவுத்தப் பாத்துச் சிரிச்சுக்கட்டும்னு திருப்பி ஒட்டிருவாங்க."

அவள் அடுப்புக் கதவைத் திறந்திருந்தாள். அட்டையை உள்ளே போடக் கையை நீட்டியவள், பழக்கத்தில் அதைத் திருப்பிப் பார்த்தாள். பசையோடு முப்பது வருஷம் பலகையில் ஒட்டிக்கிடந்த அட்டை அது. பிய்த்தபோது மேலே இருந்த நிறமெல்லாம் பசையோடு பலகையிலேயே தங்கிவிட்டிருந்தது. சிவப்பு உதடு போயிருந்தது. வெள்ளைப் பல் போயிருந்தது. தார் போயிருந்தது. அடியில், ரைசிக் முதல் கல்லில் வரைந்த மெல்லிய பழுப்புக் கோடுகள் மட்டும், யாரும் கைவைக்காமல், அப்படியே இருந்தன. கையில் தட்டோடு ஒரு மனிதர். வயது முப்பத்துமூன்று இருக்கும். யாரோ ஏதோ சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மோவாயில் சின்னக் குழி.

லூவீனியா அடுப்பை நோக்கி நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். அத்தனை வருஷம், எத்தனை அட்டை. ஒவ்வொன்றுக்கும் அடியில் இவர் இருந்திருக்கிறார். ஒவ்வொன்றையும் அவள் தன் கையாலேயே அடுப்பில் போட்டிருக்கிறாள். டெல்ஃபஸ் அடுப்புக் கதவைச் சாத்தினார்.

ஐசாயா முன்னறையில் ஜன்னலோரம் இருந்தார். அவள் அட்டையை அவர் கையில் வைத்தாள். வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தப் பையன எனக்குத் தெரியும்" என்றார். பிறகு, "ஒங்கம்மாவுக்கு இவன ரொம்பப் பிடிக்கும்" என்றார். லூவீனியா அவர் காலடியில் உட்கார்ந்து, எரித்த கதையெல்லாம் சொல்லி, மன்னிக்கச் சொல்லி அழுதாள்.

அவர் அவளுடைய தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். "எரிக்கிறது எனக்குத் தெரியும், கண்ணு. ஒவ்வொண்ணு எரியுறப்பவும் சுடும்" என்றார்.

"அப்பா, அத ஏன் சொல்லல நீங்க?"

"எதுக்குச் சொல்லணும்? சுடுறப்போதான் கன்னம்னு ஒண்ணு எனக்கும் இருக்குன்னு தெரியும். அடுத்தது எப்போ வரும்னு பாத்துக்கிட்டிருப்பேன்."

பிறகு அழுத மகளின் கையிலிருந்து தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு எழுந்தார். கிண்ணியில் தண்ணீர் ஊற்றி, தினமும் காலையில் செய்வதுபோலவே இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் விட்டுக்கொண்டு, துண்டை எடுத்துத் துடைத்தார். துண்டு எங்கோ தடுக்கியது. மூக்கு. அவர் துண்டை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். எடுத்தபோது முகம் முழுதாக இருந்தது. ஈரத்தோடு, கண்ணிமையில் தண்ணீர் சொட்ட, முப்பத்துமூன்று வயது முகம். அறுபத்தாறு வயதுக் கழுத்தின்மேல், நரைத்த தலைக்குக் கீழே, ஒரு சுருக்கம் இல்லாமல் இருந்தது. லூவீனியாவுக்கு அப்போது முப்பத்தெட்டு.

அட்டையில் ஹாமும் தட்டும் வெள்ளைக் கோட்டும் மட்டும் மிச்சம் இருந்தன. அதற்குப் பிறகு நாட்டின் பல பக்கங்களிலிருந்தும் போர்ட்டர்கள் அதேபோன்ற சேதி கொண்டுவந்தார்கள். ஆல்பங்களில் அங்கிள் கேட்டோ இருந்த இடத்தில் ஆளில்லாத கோட்டு ஒன்று ஹாம் தட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று. வீட்டுக்கார அம்மாக்கள் பூச்சி அரித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். வெதர்பி–கிளாஃப் கம்பெனி அதற்கு வெகுகாலம் முன்பே மூடப்பட்டுவிட்டது.

சவரக்கடைக்காரரின் மகன்தான் அப்போது கடையை நடத்திவந்தான். அந்தச் சனிக்கிழமை மிஸ்டர் ஃபென்ட்ரிஸ் நாற்காலியில் உட்கார்ந்ததும் முழுக்கூலி கேட்டான். அவர் சந்தோஷமாகக் கொடுத்தார். ஜூன் மாதம் கல்யாணம் நடந்தது. ஸ்டேட் தெரு போட்டோக்காரர் புதியவர், தெருக்கதை தெரியாதவர். வந்தவுடன் இளைய முகக்காரரைப் பெண்ணுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையாக நிறுத்திவிட்டு, டெல்ஃபஸை ஓரமாக நாற்காலியில் உட்காரவைத்து, பெரியவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள் என்றார். எல்லாரும் சிரித்ததில் முதல் படம் ஆடிப்போனது. அந்த ஆடிப்போன படத்தைத்தான் லூவீனியா சட்டம் போட்டு மாட்டினாள். நடுவில் அவள், இந்தப் பக்கம் காதோரம் நரைத்த கணவர், அந்தப் பக்கம் அவளைவிட ஐந்து வயது சின்னவராக அப்பா. அவர் யாரோ சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு வந்த வருஷங்கள் நல்ல வருஷங்கள். ஸ்டேட் தெருவில் இசைக்கூடங்கள் விடிய விடியத் திறந்திருந்தன. ஞாயிற்றுக்கிழமைத் தொப்பிகள் அவ்வளவு பெரியதாக அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இல்லை.  மாலையில் மிஸ்டர் ஃபென்ட்ரிஸ் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கப் போவார். அவள் அடிக்கடி நின்று அவர் முகத்தைப் பார்ப்பாள். காலர் சரியில்லை என்பாள், தூசு இருக்கிறது என்பாள். அது சாக்கு. அவருக்கும் தெரியும். பார்த்து முடிக்கும்வரை நின்றுகொண்டிருப்பார்.

1931 பிப்ரவரியில், எழுபத்தைந்து வயதில், மதியத் தூக்கத்திலேயே அவர் இறந்துபோனார். ஹாம் அந்த வாரம் மலிவு. வாங்கத்தான் யாரிடமும் காசு இல்லை. சர்ச்சில் பெட்டியைத் திறந்தே வைத்திருந்தார்கள். தெருவே வரிசையில் வந்து பார்த்தது. பழைய ஆட்கள் தலைகுனிந்து, மிஸ்டர் ஃபென்ட்ரிஸ் என்று பெயரைச் சொல்லிவிட்டுப் போனார்கள். தெற்கிலிருந்து அந்தக் குளிர்காலத்தில்தான் வந்திருந்த ஒரு பெண், யாரையும் அவ்வளவாகத் தெரியாதவள், பெட்டிக்குள் இருந்த இளம் முகத்தைப் பார்த்து நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். முன்பெஞ்சில் நாற்பத்தேழு வயதில் கறுப்புத் தொப்பியோடு உட்கார்ந்திருந்த லூவீனியாவிடம் வந்து குனிந்தாள்.

"ஒங்க புள்ளையா, சிஸ்டர்? இந்த வயசுலயா போகணும்?"

"இல்லம்மா" என்றாள் லூவீனியா. "அவர் மிஸ்டர் ஃபென்ட்ரிஸ். எங்கப்பா."

அந்தப் பெண் திரும்பிப் பெட்டியைப் பார்த்தாள், லூவீனியாவைப் பார்த்தாள். அதில் அவளுக்கு விசித்திரமாக எதுவும் படவில்லை.

"ஆமா, கேக்கணுமா?" என்றாள். "மோவாயப் பாத்தாலே தெரியுதே. அப்படியே நீங்கதான்."